சென்சாரை உணவின்மேல் நீட்டினால் போதுமா?

மீனுக்குப் பக்கத்தில் கையடக்கக் கருவியைக் கொண்டுபோனால் "ஃபார்மலின் இருக்கிறது" என்று சிவப்பு விளக்கு எரியும். பாலில் கம்பியை நனைத்தால் "யூரியா கலப்படம்" என்று திரையில் எழுத்து ஓடும். கல்லூரிச் செயல்திட்டங்களிலும் விளம்பரங்களிலும் இப்படிப்பட்ட கருவிகள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவை எதையோ அளக்கின்றன என்பது உண்மை. சொல்லிக்கொள்ளும் பொருளைத்தான் அளக்கின்றனவா என்பதே கேள்வி.

எந்தச் சென்சாருக்கும் வேதிப்பொருளின் பெயர் தெரியாது. மின்தடை, மின்னோட்டம், மின்னழுத்தம், ஒளி ஆகியவற்றில் ஏதோ ஒன்று கூடுகிறது அல்லது குறைகிறது என்று மட்டும்தான் அது சொல்லும். அந்த மாற்றம் நாம் தேடும் பொருளால்தான் வந்தது, வேறு எதனாலும் வரவில்லை என்று ஏற்பாடு செய்வது நம் வேலை. அந்த ஏற்பாட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கால் பங்குதான். மிச்சமெல்லாம் வேதியியலும் மாதிரித் தயாரிப்பும்.

முதலில் எல்லோரும் வாங்குகிற எம்.க்யூ-138 வாயுச் சென்சாரை எடுத்துக்கொள்வோம். உள்ளே வெள்ளீய ஆக்சைடுப் படலம், அதைச் சூடாக்க ஒரு ஹீட்டர். சூடான படலத்தின்மேல் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும். எரியக்கூடிய வாயு ஏதாவது வந்து அந்த ஆக்சிஜனைத் தின்றால் எலெக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை இறங்கும். "ஏதாவது" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஃபார்மால்டிஹைடு (இது கரைந்த நீர்தான் ஃபார்மலின்), எத்தனால், அசிட்டோன், டொலுவீன் எல்லாமே அதற்கு ஒன்றுதான். ஈரப்பதம் மாறினாலும் அளவு நகரும். ஹீட்டருக்கு 5 வோல்ட்டில் 150 மில்லிஆம்பியர் அல்லது அதற்கு மேலும் வேண்டும். மைக்ரோகண்ட்ரோலர் சில்லின் இணைப்புக் காலிலிருந்து அதை எடுக்க முடியாது, தனி மின்வழி தேவை. புதுச் சென்சாரை ஒரு நாளாவது தொடர்ந்து சூடாக்கி வைத்த பிறகே அளவு ஓரளவு நிலைபெறும். பெட்டியைப் பிரித்து ஐந்து நிமிடத்தில் எடுத்த அளவை நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் சரிசெய்தாலும் பெரிய தடை ஒன்று மிச்சம் இருக்கிறது. ஃபார்மால்டிஹைடு தண்ணீரை விட்டு எளிதில் வெளியேறாது. நீரோடு சேர்ந்து மெத்திலீன் கிளைகாலாக மாறி அங்கேயே தங்கிவிடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 டிகிரியில் அதன் ஹென்றி மாறிலி (காற்றோடு ஒப்பிட நீரில் எவ்வளவு தங்கும் என்ற விகிதம்) சுமார் 3,000 மோல் / லிட்டர்-வளிமண்டலம். லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்றால் 0.33 மில்லிமோல். அதை 3,000-ஆல் வகுத்தால், மூடிய பாத்திரத்தில் மேலே நிற்கும் காற்றில் ஃபார்மால்டிஹைடு சுமார் 0.1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 0.1 பங்கு) மட்டுமே. அந்தச் சென்சார் கண் திறப்பதே அதைப்போலப் பல மடங்கு இருக்கும்போதுதான். அதே எடை எத்தனால் கரைந்திருந்தால் மேலே 1 பி.பி.எம். நிற்கும், பத்து மடங்கு. ஆகவே கனிந்த பழமோ நொதித்த மாவோ பக்கத்தில் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும். உண்மையிலேயே ஃபார்மலின் தடவிய மீன் பச்சை விளக்கோடு தப்பிக்கும்.

"சூடாக்கினால் வெளியே வருமே" என்று கேட்கலாம். வரும். 60 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு மடங்கு கூடும். ஆனால் அந்த வெப்பத்தில் பாத்திரத்துக்குள் இருக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு நீராவி. ஒன்றிரண்டு பி.பி.எம்.மை இரண்டு லட்சம் பி.பி.எம். நீராவிக்குள் தேட வேண்டியிருக்கும். சென்சார் நீராவியைத்தான் அளக்கும்.

மின்வேதி வகை ஃபார்மால்டிஹைடு சென்சார்கள் இதைவிடத் தேவலை, ஒரு பி.பி.எம்.முக்குக் கீழும் பார்க்கும். ஆனால் அவற்றுக்கும் ஆல்கஹால் ஆகாது. அவை அறைக் காற்றை அளக்கச் செய்தவை, ஈரமான மீனை அல்ல.

கம்பி நனைக்கும் கருவிகளின் கதையும் இப்படித்தான். டி.டி.எஸ். (கரைந்த பொருள்களின் மொத்தம்) மீட்டர் என்பது உண்மையில் கரைசல் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்க்கும் கடத்துதிறன் மீட்டர். கரைசலில் இருக்கும் அயனிகளின் மொத்தத்தைத்தான் அது பார்க்கும். யூரியா அயனி அல்ல. ஒரு கரண்டி யூரியாவைப் பாலில் போட்டாலும் மீட்டர் கிட்டத்தட்ட அசையாது. மாறாக, மடிநோய் வந்த மாட்டின் பாலில் சோடியமும் குளோரைடும் கூடுவதால் கலப்படமே இல்லாமல் அளவு ஏறும். ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் கடத்துதிறன் சுமார் 2 விழுக்காடு கூடுவதால், குளிர்ந்த பாலுக்கும் அறை வெப்பநிலைப் பாலுக்கும் நடுவே கலப்படத்தைவிடப் பெரிய வேறுபாடு தெரியும். பழம், காய்களில் ஊசி குத்தி "நைட்ரேட்" காட்டும் கருவிகளில் பலவும் இதே கடத்துதிறனைத்தான் அளக்கின்றன. தாவரச் சாற்றில் கடத்துதிறனின் பெரும்பங்கு பொட்டாசியத்திலிருந்து வருகிறது. திரையில் தெரிவது நைட்ரேட் எண் என்று பெயர், உள்ளே இருப்பது பொட்டாசியம்.

யூரியாவைக் கடத்துதிறனால் பிடிக்க வழியே இல்லை என்று சொல்ல முடியாது. யூரியேஸ் என்சைமைச் சேர்த்தால் அது யூரியாவை அம்மோனியமாகவும் கார்பனேட்டாகவும் உடைக்கும். இவை அயனிகள். என்சைம் சேர்க்கும் முன் ஒரு அளவு, 37 டிகிரியில் வைத்திருந்த பின் ஒரு அளவு, இரண்டின் வேறுபாடுதான் யூரியா. வெப்பநிலை மட்டும் இரண்டு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். பாலில் இயல்பாகவே லிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் யூரியா இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. "யூரியா இருக்கிறது" என்பது செய்தியே அல்ல, எவ்வளவு என்பதுதான் செய்தி.

மறைமுக அளவை நம்பினால் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கு 2008-இல் சீனாவில் நடந்த மெலமைன் கலப்படமே சாட்சி. பாலின் புரதத்தை நேரடியாக அளக்காமல் நைட்ரஜனை அளந்து 6.38-ஆல் பெருக்குவது வழக்கம். நெகிழி செய்யப் பயன்படும் மெலமைனில் எடைக்கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் மெலமைன் நான்கு கிராமுக்கு மேலான புரதமாகக் கணக்கில் ஏறியது. தண்ணீர் கலந்த பால் சோதனையில் தேறியது. ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றன. கருவிகள் பிழை செய்யவில்லை. நைட்ரஜனைச் சரியாகத்தான் அளந்தன.

ஆகவே சென்சாருக்கு முன்னால் ஒரு தேர்ந்தெடுக்கும் வேதிவினையை வைக்க வேண்டும். தேடும் பொருள் இருந்தால் மட்டும் நிறம் வரும்படி வினைப்பொருளைச் சேர்த்து, அந்த நிறத்தைச் சென்சாரால் அளப்பதே செலவு குறைந்த, நம்பத் தகுந்த வழி. பதப்படுத்திய இறைச்சியில் சேர்க்கும் சோடியம் நைட்ரைட் இதைக் கற்றுக்கொள்ள ஏற்ற பொருள். வினை தெளிவானது, நிறம் பளிச்சென்று இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க, பகுப்பாய்வு முறைகளை வெளியிடும் ஏ.ஓ.ஏ.சி. அமைப்பின் 973.31 என்ற அதிகாரபூர்வ முறையும் இருக்கிறது. வினையின் பெயர் கிரீஸ் வினை. 19ஆம் நூற்றாண்டில் பியர் ஆலையில் வேதியியலாளராக வேலை பார்த்த பீட்டர் கிரீஸின் பெயர் அது. அமிலக் கரைசலில் நைட்ரைட் சல்ஃபனிலமைடோடு சேர்ந்து டயசோனியம் உப்பாகும், அது நாஃப்தைல் எத்திலீன்டயமினோடு (இனி என்.இ.டி.) இணைந்து இளஞ்சிவப்பு அசோ சாயமாகும். அந்தச் சாயம் 540 நானோமீட்டர் ஒளியை நன்றாக விழுங்கும்.

ஒளிமானி செய்வது

525 நானோமீட்டர் பச்சை எல்.இ.டி. ஒன்று, ஓ.பி.டி.101 ஒளியுணர் சில்லு ஒன்று, ஏ.டி.எஸ்.1115 என்ற 16 பிட் ஏ.டி.சி. (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் சில்லு), ஈ.எஸ்.பி.32 மைக்ரோகண்ட்ரோலர் பலகை, 10 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குவெட்டுகள் (கரைசலை ஊற்றி ஒளியில் வைக்கும் சிறு குழாய்கள்), ஒளி புகாத கறுப்புப் பெட்டி. பாகங்கள் இவ்வளவுதான். சாயத்தின் உச்சம் 540, எல்.இ.டி.யின் உச்சம் 525 என்பதால் கொஞ்சம் உணர்திறன் போகும். சாயத்தின் நிறமாலை அகலமானது, நம்முடைய அளவுத்திருத்தத்தை இதே எல்.இ.டி.யில்தான் செய்யப்போகிறோம். ஆகவே கவலையில்லை. சாயம் எவ்வளவு ஒளியை விழுங்கும் என்று புத்தகத்தில் இருக்கும் மோலார் உறிஞ்சல் எண்ணை மட்டும் கணக்கில் புகுத்தாதீர்கள்.

ஈ.எஸ்.பி.32-க்குள்ளேயே ஏ.டி.சி. இருக்கும்போது தனியாக ஏன்? உள்ளே இருப்பது நேர்கோட்டில் நிற்காது, அளவுவீச்சின் இரு முனைகளிலும் வளையும். மடக்கை எடுக்கப்போகிற எண்ணுக்கு அது ஆகாது. ஏ.டி.எஸ்.1115-ஐ 2.048 வோல்ட் வீச்சில் வைத்தால் ஒரு படி 62.5 மைக்ரோவோல்ட். வினாடிக்கு 8 மாதிரி என்ற மெதுவான வேகத்தில் 32 அளவுகள் எடுத்துச் சராசரி பார்க்கலாம், நான்கு வினாடிதான் ஆகும்.

மின்வழியில் இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். முதலாவது எல்.இ.டி. பச்சை எல்.இ.டி.க்கே சுமார் 3 வோல்ட் வேண்டும். 3.3 வோல்ட்டில் இணைத்தால் மின்தடைக்கு மிஞ்சுவது 0.3 வோல்ட். வழங்கும் மின்னழுத்தம் 0.03 வோல்ட் ஆடினாலே மின்னோட்டம் பத்து விழுக்காடு ஆடும். தனியாக ஒழுங்குபடுத்திய 5 வோல்ட்டிலிருந்து 330 ஓம் வழியாகக் கொடுங்கள், 6 மில்லிஆம்பியர் போதும். போட்டுப் பதினைந்து நிமிடம் கழித்தே அளவெடுங்கள். எல்.இ.டி. சூடாகச் சூடாக ஒளி குறையும், அந்தக் குறைவை உங்கள் கணக்கு நைட்ரைட்டாகப் படிக்கும். இரண்டாவது ஓ.பி.டி.101. அதன் வெளியீடு, வழங்கும் மின்னழுத்தத்துக்குச் சுமார் 1.2 வோல்ட் கீழேயே முட்டி நின்றுவிடும். 3.3 வோல்ட்டில் இயக்கினால் உச்சம் ஏறத்தாழ 2.1. ஆகவே வெறும் நீர் வைத்த நிலையில் வெளியீடு 1.8 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி எல்.இ.டி.யின் தூரத்தையோ துளையின் அளவையோ சரிசெய்யுங்கள். முட்டி நின்ற சென்சார் மங்கலான சாயத்தைக் காட்டவே காட்டாது.

கணக்கு எளிது. எல்.இ.டி. அணைந்திருக்கும்போது வரும் இருட்டு அளவை இரண்டு எண்களிலிருந்தும் கழித்து, வெற்றுக் கரைசலின் (மாதிரி இல்லாமல் வினைப்பொருள்கள் மட்டும் சேர்த்த நீரின்) அளவை மாதிரியின் அளவால் வகுத்து, பத்தின் அடியில் மடக்கை எடுத்தால் உறிஞ்சல். இருட்டில் 0.008, வெற்றுக் கரைசலில் 1.800, மாதிரியில் 0.458 வோல்ட் என்றால், 1.792 / 0.450, மடக்கை 0.600. ஓ.பி.டி.101 முழு இருட்டிலும் 7, 8 மில்லிவோல்ட் காட்டுவது வழக்கம். அதைக் கழிக்காமல் விட்டால் 0.6-இல் பெரிய கேடில்லை; 1.5 என்ற உறிஞ்சலோ 1.44 ஆகத் தெரியும். குவெட்டைச் சுற்றி வந்து சேரும் ஒளி ஒரு விழுக்காடு இருந்தால் அதே 1.5, 1.38 ஆகிவிடும். மூடியின் விளிம்பில் கறுப்பு நுரை ஒட்டுவது இதற்காகத்தான். அப்படியும் 1.0-க்கு மேல் வரும் எண்ணை நம்பாமல் நீர்த்து அளப்பதே நல்லது.

மாதிரியும் வினையும்

சல்ஃபனிலமைடு 0.5 கிராமை 15 விழுக்காடு அசிட்டிக் அமிலம் 150 மில்லிலிட்டரில் கரையுங்கள். என்.இ.டி. 0.2 கிராமை அதே அமிலம் 150 மில்லிலிட்டரில் தனியாகக் கரையுங்கள். இரண்டும் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், குளிரில் இருக்க வேண்டும். என்.இ.டி. கரைசல் பழுப்பேறினால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். அளவுத்திருத்தத்துக்குச் சோடியம் நைட்ரைட் ஒரு கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதை இரண்டு படிகளில் ஆயிரம் மடங்கு நீர்த்தால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். நீர்த்த கரைசல் அன்றன்றைக்கே செய்யப்பட வேண்டும், நாளாக ஆக நைட்ரைட் குறைந்துபோகும். சோடியம் நைட்ரைட் நஞ்சு, பார்வைக்கு உப்புப் போலவே இருக்கும். பெயரெழுதிப் பூட்டி வையுங்கள். சமையல் பாத்திரம், சமையல் தராசு எதையும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள், எடுத்தால் திரும்பச் சமையலறைக்குள் விடாதீர்கள்.

இறைச்சியை நன்றாக அரைத்து 5 கிராம் நிறுத்து, 80 டிகிரி வெந்நீர் 40 மில்லிலிட்டரில் கட்டியில்லாமல் கலக்கி, 500 மில்லிலிட்டர் குடுவைக்கு மாற்றி, வெந்நீரால் 300 வரை நிரப்பி, நீராவித் தொட்டியில் இரண்டு மணி நேரம் இடையிடையே குலுக்கி வையுங்கள். அறை வெப்பத்துக்கு ஆறியதும் 500-க்கு நிரப்பி வடிகட்டுங்கள். இரண்டு மணி நேரத்தை இருபது நிமிடமாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இறைச்சிக்குள் இருப்பது முழுதாக வெளியே வராமல் எண் குறைவாக வரும், அவ்வளவுதான் பலன்.

வடிசாறு 4.5 மில்லிலிட்டரில் சல்ஃபனிலமைடு கரைசல் 0.25 மில்லிலிட்டர் சேர்த்து ஐந்து நிமிடம். பிறகு என்.இ.டி. 0.25 மில்லிலிட்டர், பதினைந்து நிமிடம். வரிசை மாறக் கூடாது. அதே அமிலக் கரைசல்களோடு மொத்தம் 5 மில்லிலிட்டரில் 0, 0.2, 0.4, 0.6, 0.8 மில்லிகிராம் / லிட்டர் வரும்படி ஐந்து தரக்கரைசல்கள் செய்து கோடு வரையுங்கள். இந்த எல்.இ.டி.யில் சரிவு மில்லிகிராமுக்கு 0.65 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். மாதிரியின் உறிஞ்சல் 0.39 என்றால் குழாயில் 0.60 மில்லிகிராம் / லிட்டர். 0.9-ஆல் வகுத்தால் வடிசாற்றில் 0.667. அரை லிட்டரில் 0.333 மில்லிகிராம், அது 5 கிராமிலிருந்து வந்தது, ஆகவே கிலோவுக்கு 67 மில்லிகிராம். இது சோடியம் நைட்ரைட்டாகக் கணக்கிட்ட எண். நைட்ரைட் அயனியாக வேண்டுமென்றால் 46/69-ஆல் பெருக்கினால் 44. சில சட்டவரம்புகள் உப்பின் எடையிலும் சில அயனியின் எடையிலும் எழுதப்பட்டிருக்கும். இந்த மூன்றில் ஒரு பங்கு வேறுபாட்டில் குற்றமற்ற மாதிரி குற்றவாளியாகும், குற்றவாளி தப்பும்.

எங்கே கெடும் என்பதைச் சொல்லாமல் முறையை மட்டும் சொல்வது அரைகுறை. வடிசாறு கலங்கலாக இருந்தால் கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடிக்கும், சென்சார் அதையும் உறிஞ்சலாகவே எண்ணும். ஆறிய சாற்றில், 500-க்கு நிரப்பும் முன், கார்ரஸ் கரைசல்கள் இரண்டையும் (15 விழுக்காடு பொட்டாசியம் ஃபெரோசயனைடு, 30 விழுக்காடு துத்தநாக சல்ஃபேட்) தலா 2 மில்லிலிட்டர் சேர்த்துக் குலுக்கி வடித்தால் புரதமும் கொழுப்பும் வண்டலாக இறங்கும். சாற்றுக்கே நிறம் இருந்தால் இன்னொரு குழாயில் என்.இ.டி.க்குப் பதில் வெறும் அமிலம் சேர்த்து அந்த உறிஞ்சலைக் கழியுங்கள். வெற்றுக் கரைசலே இளஞ்சிவப்பாக வந்தால் வடிதாளைச் சந்தேகப்படுங்கள். வடிதாளிலேயே நைட்ரைட் ஒட்டியிருப்பது பழைய தொல்லை. நாலைந்து தாள்களில் தூய நீரை வடித்துச் சோதித்துவிட்டே பெட்டியைப் பயன்படுத்த வேண்டும். இளஞ்சிவப்பு சட்டென்று தோன்றி மஞ்சளாக மங்கினால் நைட்ரைட் மிக அதிகம், எண் குறைவாக வரும். பத்து மடங்கு நீர்த்து மறுபடி செய்யுங்கள். இறைச்சியில் அஸ்கார்பேட் (வைட்டமின் சி-யின் உப்பு) சேர்த்திருந்தால், அமிலம் பட்டதும் அது நைட்ரைட்டைத் தின்னும், அப்போதும் எண் இறங்கும்.

கடைசியாகச் சொன்னதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத்தான் மீட்புச் சோதனை. அரைத்த மாதிரியின் இன்னொரு 5 கிராமில், கிலோவுக்கு 50 மில்லிகிராம் கூடும்படி 0.25 மில்லிகிராம் சோடியம் நைட்ரைட்டைச் சேர்த்து அதே பாதையில் முழுதாக ஓட்டுங்கள். 50-இல் 45 திரும்பக் கிடைத்தால் முறை வேலை செய்கிறது. 20 கிடைத்தால் மாதிரிக்குள் ஏதோ ஒன்று நைட்ரைட்டை விழுங்குகிறது. தூய நீரில் செய்த கோடு எவ்வளவு நேராக இருந்தாலும் இதற்கு ஈடாகாது. ஒரே ஒரு கட்டுப்பாட்டுச் சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் செய்ய வேண்டும்.

இவ்வளவும் சரியாக வந்தாலும் கிடைப்பது மிஞ்சிய நைட்ரைட்தான். ஆலையில் சேர்த்ததில் பெரும்பகுதி இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் புரதமான மயோகுளோபினோடும் மற்றவற்றோடும் வினைபட்டுப் போயிருக்கும். அளவு குறைவாக இருப்பதை வைத்து "குறைவாகச் சேர்த்திருக்கிறார்கள்" என்று முடிவு கட்ட முடியாது.

இதே ஒளிமானியில் ஃபார்மால்டிஹைடையும் அளக்கலாம். வினைப்பொருள் மட்டும் மாறும். அம்மோனியம் அசிட்டேட் 150 கிராம், அசிட்டிக் அமிலம் 3 மில்லிலிட்டர், அசிட்டைல் அசிட்டோன் 2 மில்லிலிட்டர், தண்ணீர் ஊற்றி ஒரு லிட்டர். இது நாஷ் கரைசல். சாறும் இதுவும் சம அளவு, 60 டிகிரியில் பத்து நிமிடம், மஞ்சள் நிறம், உச்சம் 412 நானோமீட்டர். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தால் 0.13 அளவுக்கு உறிஞ்சல் வரும். வாயுச் சென்சார் பார்க்கவே முடியாத அளவு இது. எல்.இ.டி. 405 நானோமீட்டர் ஊதாவாக இருக்க வேண்டும். ஏ.எஸ்.7341 போன்ற பல அலைவரிசைச் சென்சாரில் 415 வரிசை இருக்கிறதே என்று பலகையோடு வரும் வெள்ளை எல்.இ.டி.யை நம்பினால் இரைச்சல்தான் கிடைக்கும். வெள்ளை எல்.இ.டி.யின் ஒளி 450 பக்கத்தில்தான் தொடங்குகிறது, 415-இல் ஏறக்குறைய இருட்டு. மீனை 6 விழுக்காடு டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தில் அரைத்து வடித்தால் சாற்றின் பி.எச்.சை 6-க்கு மேல் உயர்த்திய பிறகே நாஷ் கரைசலைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் நிறம் சரியாக வராது. எண் வந்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. காட் இனக் கடல்மீன்களில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு சிதையும்போது தானாகவே ஃபார்மால்டிஹைடு உண்டாகும், உறைநிலையில் வைத்தாலும் கூடிக்கொண்டே போகும். அதே இன மீனின் கலக்காத மாதிரி பக்கத்தில் இல்லாமல் "ஃபார்மலின் தடவியது" என்று எழுதக் கூடாது.

சல்ஃபைட் என்ற பதப்பொருளுக்கு வாயுச் சென்சார் உண்மையிலேயே உதவும். அமிலத்தில் கொதிக்கவிட்டால் அது கந்தக டை ஆக்சைடாக வெளியே வரும், நைட்ரஜனால் தள்ளி மின்வேதிச் சென்சாருக்கு அனுப்பலாம். வழியில் குளிர்விப்பான் வைத்து நீராவியைத் தடுக்காவிட்டால் சென்சார் நனைந்து கெடும். பூண்டு, வெங்காயம், முட்டைக்கோஸ் வகைகளில் இயல்பான கந்தகச் சேர்மங்களே போலி அளவைக் கொடுக்கும். பல நாடுகளில் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் சிட்டையில் அறிவிக்க வேண்டும் என்பது விதி. பூண்டுப் பொருளில் அந்த எல்லையை இந்த முறையால் தீர்ப்பது வீண்வேலை. பென்சோயேட், சார்பேட் என்ற பதப்பொருள்கள் இரண்டும் புற ஊதாவில்தான் ஒளியை விழுங்கும், முறையே 230, 260 நானோமீட்டருக்கு அருகில். மேலே சொன்ன எந்த மலிவுச் சில்லுக்கும் அங்கே கண் இல்லை. கைபேசி அளவு அகச்சிவப்பு நிறமாலைமானிகள் பொதுவாக ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழ் பார்ப்பதில்லை. கிலோவுக்குப் பத்து, நூறு மில்லிகிராம் கணக்கில் இருக்கும் சேர்பொருள் அவற்றுக்குத் தெரியாது.

வாயுச் சென்சார்கள் பலவற்றை அடுக்கி வடிவத்தைக் கற்க வைக்கும் "மின்னணு மூக்கு", 1982-இல் பெர்சாடும் டாடும் வெளியிட்ட யோசனையிலிருந்து வளர்ந்தது. யோசனையில் குறையில்லை. சோதனையை அமைக்கும் விதத்தில்தான் ஓட்டை. திங்களன்று சுத்தமான மாதிரிகள், செவ்வாயன்று கலப்பட மாதிரிகள் என்று அளந்தால், சென்சாரின் ஒருநாள் நகர்வையே நிரல் கலப்படமாகக் கற்றுக்கொள்ளும். 98 விழுக்காடு துல்லியம் என்று முடிவு வரும், புதன்கிழமை எல்லாமே தப்பாகப் போகும். இரண்டு வகையையும் கலைத்துப்போட்ட வரிசையில் அளக்க வேண்டும். ஒரே மாதிரியின் மூன்று அளவுகளில் இரண்டைக் கற்கவும் ஒன்றைச் சோதிக்கவும் பிரிக்காமல், முழு மாதிரியையே ஏதாவது ஒரு பக்கம் வைக்க வேண்டும்.

ஒளிமானியின் திரைக்கு வருவோம். அதில் சிவப்பு, பச்சை விளக்கு வேண்டாம். வெற்றுக் கரைசலைப் பத்து முறை தனித்தனியாகச் செய்து அளந்து திட்ட விலக்கத்தைப் பாருங்கள். அது 0.002 என்றால், மூன்று மடங்கை 0.65-ஆல் வகுத்து மேலே போட்ட கணக்கை ஓட்டினால் கண்டறியும் எல்லை கிலோவுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம். அதற்குக் கீழே எது வந்தாலும் திரை பூச்சியம் என்று காட்டாமல் "1-க்குக் கீழ்" என்று காட்டட்டும். உறிஞ்சல் 1.0-ஐத் தாண்டினால் எண்ணே வேண்டாம், "நீர்த்து மறுபடி அளக்கவும்" என்று வரட்டும். நடுவில் வரும் எண்ணோடு, அது எந்த நாள் அளவுத்திருத்தக் கோட்டிலிருந்து வந்தது என்ற தேதியும் கடைசி மீட்பு விழுக்காடும் சேர்ந்து தெரிய வேண்டும்.